முக்காலி ஆடாது மாப்ள

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவை கேட்டேன். "ராத்திரி ராத்திரி என்னடா படிக்கிற, ஐ.ஏ.எஸ்ஸா?" என்று கேட்டிருந்தாய். பதிலை வாயால் சொன்னால் குழம்பிவிடும், நடுவில் கணக்கு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

படிப்பது ஜி.டி. அண்ட் டி., அதாவது பாகத்தின் வடிவமும் இடமும் எவ்வளவு பிசகலாம் என்று டிராயிங்கில் குறி போட்டுச் சொல்லும் முறை. பாலிடெக்னிக்கில் சாய்ஸில் விட்டோமே, கட்டம் கட்டமாகப் பெட்டி போட்டு உள்ளே குறிகள் இருக்குமே, அதேதான். அன்றைக்கு விட்டது இன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது.

நான் சிங்கப்பூர் துவாஸ் லிங்க்கில், எம்ஆர்டி ரயிலின் கடைசி ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பது உனக்குத் தெரியும். மார்ச் மாதம் அங்கே ஒரு அலுமினியப் பிளேட் வந்தது. நாலு துளை, விட்டம் 10.0 முதல் 10.2 மி.மீ. வரை. பொசிஷன் டாலரன்ஸ், அதாவது துளையின் மையம் இடம் மாற அனுமதி, 0.1, பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு எம். அந்த எம்மைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டேன். ஒரு துளை எக்ஸில் 0.09, ஒய்யில் 0.08 விலகியிருந்தது. ரெண்டையும் வர்க்கம் போட்டுக் கூட்டி, மூலம் எடுத்து, அனுமதி விட்டக் கணக்கு என்பதால் ரெண்டால் பெருக்கினால் 0.241. அனுமதி 0.1தானே என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கினேன். இப்படி 24 பிளேட்.

சிஎம்எம் என்கிற அளக்கும் மெஷினை ஓட்டும் சீன அங்கிள் ஒருத்தர், ரிட்டயர் ஆகிற வயசு. என் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு எம் மேல் விரலை வைத்து, "திஸ் ஒன் ஃபார் வாட்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இருபது வருஷ சர்வீஸ் மாப்ள, பதில் இல்லை.

அன்றைக்கு ராத்திரிதான் ஆரம்பம். அந்த எம்முக்கு அர்த்தம் இதுதான்: துளை மிகச் சிறியதாக, அதாவது 10.0 ஆக இருக்கும்போதுதான் அந்த 0.1. துளை எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு சலுகை கூடும். என் துளை 10.15. சலுகை 0.15, மொத்தம் 0.25. என் 0.241 அதற்குள் அடங்கிவிட்டது! டிராயிங் போட்டவன் கேட்டது போல்ட் உள்ளே போக வேண்டும் என்பதை மட்டும். 9.9 மி.மீ. விட்டத்தில் நாலு பின்களை (உருண்டைக் கம்பிகளை) அதனதன் இடத்தில் நட்டு, பிளேட்டை மேலிருந்து இறக்கினால் இறங்க வேண்டும், அவ்வளவுதான். பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். 24இல் 17 நல்ல பிளேட். அதற்குள் எல்லாம் கிலோ கணக்கில் ஸ்கிராப்புக்குப் போயாகிவிட்டது. பாஸிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "பின் கேஜ் செய்ய எவ்வளவு ஆகும்?" என்று, அந்த நாலு பின் நட்ட சோதனைக் கருவியைப் பற்றி மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ரெண்டாம் உலகப்போர் சமயத்தில் ஸ்காட்லாந்தில் டார்ப்பிடோ தொழிற்சாலையில் இருந்த ஸ்டான்லி பார்க்கர் என்பவருக்கும் இதே தலைவலிதான் என்கிறார்கள்: கழித்துப்போட்ட பாகங்கள் பொருத்தினால் பொருந்துகின்றன. துளையின் மையத்துக்கு எக்ஸிலும் ஒய்யிலும் நாம் பழைய முறையில் போடும் பிளஸ் மைனஸ் 0.1 ஒரு சதுரம். அதன் மூலைக்குப் போனால் 0.141 விலகல்கூடச் செல்லும், நேர் கோட்டில் 0.11 விலகினால் செல்லாது. என்ன நியாயம் இது? மூலையைத் தொடும்படி வட்டம் போட்டால் 57 சதவீதம் கூடுதல் இடம் கிடைக்கிறது. பொசிஷன் டாலரன்ஸ் வட்டமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

படிக்கிற புத்தகத்தை இங்கே பிராஸ் பசாவில் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். அது அமெரிக்க ஸ்டாண்டர்டின் 1994 பதிப்பை வைத்து எழுதியது என்பதைப் பாதி படித்த பிறகுதான் கவனித்தேன். கான்சென்ட்ரிசிட்டி (ஒரே மையம் கேட்கும் குறி) புரியாமல் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை மண்டையை உடைத்துக்கொண்டேன். 2018 பதிப்பில் அந்தக் குறியையே தூக்கிவிட்டார்களாம்! இப்போது எந்த டிராயிங் வந்தாலும் முதலில் டைட்டில் பிளாக்கில், அதாவது மூலையிலுள்ள விவரக் கட்டத்தில், ஸ்டாண்டர்டின் வருஷம் பார்க்கிறேன்.

எந்த நாட்டு டிராயிங் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அமெரிக்காவிலிருந்தும் வரும், ஜெர்மனியிலிருந்தும் வரும். அதிகபட்சம் 10.0 என்று போட்ட ஒரு பின், எங்கே அளந்தாலும் சரியாக 10.0, ஆனால் லேசாக வளைந்திருக்கிறது என்று வை. அமெரிக்க முறையில் அது ரிஜெக்ட். முழு அளவில் இருந்தால் வடிவமும் குறையில்லாமல் இருக்க வேண்டும். ஜெர்மனிக்காரன் பின்பற்றும் ஐஎஸ்ஓ என்கிற சர்வதேச ஸ்டாண்டர்டில் அளவு வேறு, வடிவம் வேறு. தனியாக எதுவும் போடாவிட்டால் வளைந்த அந்தப் பின்கூட பாஸ். ரெண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் ஒரே மேஜையில் நடக்கிறது.

ரொம்பப் படுத்தியது டேட்டம்தான், அதாவது அளவை எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்று ஏ, பி, சி பெயர் போட்டுச் சொல்வது. ஏ, பி, சி வரிசை மாறினால் என்ன ஆகிவிடும் என்று புரியவேயில்லை. கடைசியில் நசுங்கின பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து அடுப்படி மூலையில் வைத்தேன். தரைதான் ஏ. தரையில் நன்றாக உட்காரவைத்துவிட்டு அப்புறம் சுவரில் தள்ளினால், சுவரில் ஒரு ஓரம்தான் படுகிறது. முதலில் சுவரோடு ஒட்டிவிட்டுத் தரைக்கு இறக்கினால் அடிப்பக்கம் ஒரு விரல் தூக்குகிறது. டப்பா அதே டப்பா, அளவு வேறு! ரூமில் புதுசாக வந்த பையன் பார்த்துவிட்டு, "அண்ணே, பிஸ்கட் வேணும்னா சொல்லுங்க, வாங்கிட்டு வரேன்" என்கிறான்.

பாகம் ஏ-வில் மூன்று புள்ளியில் பட வேண்டும், பி-யில் ரெண்டு, சி-யில் ஒன்று என்று புத்தகம் சொல்லும். ஏன் மூன்று? முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலிதான் ஆடும். இதைப் படித்தபோது உங்கப்பா ஞாபகம் வந்தது. பலகையில் ஒரு பக்கத்தை மட்டும் இழைப்புளி போட்டு, மூலைமட்டம் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பென்சிலால் ஒரு சுழி போடுவாரே. அதற்கப்புறம் எந்த அளவையும் அந்தச் சுழிப் பக்கத்திலிருந்துதான் எடுப்பார். நாம் மாற்றிப் பிடித்தால் தலையில் ஒரு குட்டு. அது டேட்டம் ஏ மாப்ள. குட்டு வாங்கியும் நமக்கு உறைக்கவில்லை.

நீ செய்கிற பம்ப் ஷாஃப்ட் டிராயிங்கைப் போட்டோ எடுத்து அனுப்பு, ரன்அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) எந்த டேட்டத்திலிருந்து கேட்டிருக்கிறான் என்று பார்ப்போம். தீபாவளிக்கு லீவு கிடைக்காது. பொங்கலுக்கு வருகிறேன். அப்பாவின் அந்த மூலைமட்டம் இன்னும் பட்டறையில் கிடந்தால் துடைத்து எடுத்து வை. எத்தனை மைக்ரான் சாய்வு என்று சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் காதில் மட்டும் போட்டுவிடாதே.

உன் பழைய லேத் பார்ட்னர்,
ஜூரோங் வெஸ்ட்