வளைவுக்குள் போகாதே

அன்பு மகள் யாழினிக்கு,

எகிப்தின் தஹாபில், ப்ளூ ஹோல் என்ற கடற்குழியில் டைவ் செய்ய இறங்கப் போவதாக எழுதியிருந்தாய். தாராளமாக இறங்கும்மா. ஆனால் சாதாரணக் காற்று நிரப்பிய சிலிண்டரோடு, அந்தக் குழியிலிருந்து வெளிக்கடலுக்குப் போகும் பாறை வளைவுக்குள் மட்டும் போகாதே.

வளைவின் மேல்விளிம்பே சுமார் 55 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் ஆறரை பார், அதாவது கடல்மட்டத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ ஆறரை மடங்கு. காற்றிலுள்ள நைட்ரஜன் 30 மீட்டரிலேயே மூளையை மந்தமாக்கத் தொடங்கிவிடும். 55-இல் பயமே போய்விடலாம். ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பார்ப்பாய், எண் மனதில் நிற்காது, மறுபடி பார்ப்பாய். வளைவுக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். கடக்க வேண்டியதோ ஏறத்தாழ 26 மீட்டர். வேகமாகத் துடுப்படித்தால் கரியமில வாயு உடம்பிலேயே தங்கி மயக்கத்தை இன்னும் கூட்டும், அடர்த்தியான காற்றை அதற்கேற்ப வெளியேற்ற முடியாது.

பழகினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மயங்கியிருக்கிற உணர்வுதான் பழகிப்போகும். நிதானம் திரும்பாது.

காற்றுக் கணக்கையும் பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவளுக்கு அங்கே 130 லிட்டர் வேண்டும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2400 லிட்டர். பதினெட்டு நிமிடத்தில் சுத்தமாகக் காலி. உடம்பில் ஊறிய நைட்ரஜன் வெளியேறுவதற்காக ஏறும்போது நின்று நின்று வர எது மிஞ்சும்?

ஆக்சிஜன் கூட்டிய காற்றான நைட்ராக்ஸும் இதற்கு மருந்தல்ல. ஆக்சிஜனும் மயக்கும் என்றே கணக்கில் கொள்ள வேண்டும். 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு 33 மீட்டர்தான் எல்லை. 55-இல் ஆக்சிஜன் அழுத்தம் 2 பாரைத் தாண்டிவிடும். முன்னறிகுறியே இல்லாமல் வலிப்பு வரலாம். மூச்சுவிடும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் அப்புறம் மூழ்குவதுதான்.

அந்த ஆழம் வேண்டுமென்றால், ஹீலியமும் சேர்ந்த கலவையான ட்ரைமிக்ஸில் பயிற்சியை முடித்துவிட்டுப் போ. 18 சதவீதம் ஆக்சிஜன், 45 சதவீதம் ஹீலியம், மீதி நைட்ரஜன் என்றால், 55 மீட்டரில் உன் புத்தி காற்றில் 26 மீட்டரில் இருப்பதுபோல் இருக்கும்.

எந்தக் கலவையானாலும் சிலிண்டரை நீயே சோதி. ஆக்சிஜன் அளவு காட்டும் அனலைசரை வெளிக்காற்றில் 20.9 சதவீதத்துக்கு வை. வால்வை மெல்லத் திற. எண் ஆடாமல் நின்றதும் சதவீதம், அதிகபட்ச ஆழம், தேதி, உன் கையெழுத்து நான்கையும் டேப்பில் எழுதி ஒட்டு. நிரப்பியவர் சொன்ன எண்ணை எழுதாதே.

எந்த ஆழத்தில் திரும்புவது என்பதைக் கூட வருபவரோடு கரையிலேயே முடிவுசெய். கீழே போய் மாற்றாதே. கொஞ்சம் கிறுகிறுத்தாலும், காரணமின்றிக் குதூகலம் வந்தாலும், சைகை காட்டிவிட்டு நிதானமாகப் பத்து மீட்டர் ஏறு, சீக்கிரமே தெளியும். தெளிந்தபின் மறுபடி இறங்காதே, அன்றைய டைவை அதோடு முடித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா