கேட்காமலே வெள்ளையாக்கும் கேமரா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்ஃபி மோகத்தைத் திட்டி இந்தப் பகுதியில் அடிக்கடி கடிதம் வருகிறது. போட்டோ ஸ்டுடியோ நடத்துகிற எனக்கே அதில் பெரிய வருத்தம் இல்லை, எடுத்துக்கொள்ளட்டும். என் குறை போன் கம்பெனிகள் மேல். பல போன்களில் முன்பக்க கேமராவைத் திறந்ததுமே, முகத்தை வெளுப்பாக்கி வழவழப்பாக்குகிற 'பியூட்டி' வசதி தானாக வேலையை ஆரம்பித்துவிடுகிறது, யாரும் கேட்காமலே.

அறுபதாம் கல்யாணத்துக்கு பிளெக்ஸ் அடிக்க வேண்டுமென்று ஓர் அம்மா, மகள் எடுத்த செல்ஃபியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போனில் பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. பெரிதாக்கினால் கன்னத்து மச்சத்தைக் காணோம், மூக்குத்திக் கல் தோலோடு கரைந்து வெள்ளைத் தீற்றலாகக் கிடக்கிறது, முகம் ஒரு நிறம், கழுத்து வேறு நிறம், பக்கத்தில் நின்ற கணவருக்கோ நெற்றி விபூதியில் பாதி இல்லை. "இது நானா?" என்று அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

ஸ்டுடியோக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லைதான். நெகட்டிவ் காலத்தில் பென்சில் வைத்து டச்சப் செய்வோம். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் 'கொஞ்சம் கலரா இருக்கட்டும்' என்று வீட்டாரே சொல்வார்கள். ஆனால் அது கேட்டுச் செய்தது. இப்போது பத்தாவது படிக்கிற பிள்ளை தினமும் போனில் பார்க்கிற தன் முகமே வெளுத்த முகம், அப்புறம் ஹால் டிக்கெட்டுக்கு நாங்கள் எடுத்துக் கொடுக்கிற படத்தைப் பார்த்து "ஏன்ணா இவ்வளவு கறுப்பா வந்திருக்கு?" என்று முகம் சுருங்கிப் போகிறது. இது போதாதென்று, கிட்டத்தில் வைத்து எடுப்பதாலேயே மூக்கும் மாறித் தெரிகிறது. ஐந்தடி தள்ளி எடுக்கிற படத்தைவிட, ஓரடியில் எடுக்கிற செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

கூகுள் 2020-இலேயே தன் பிக்சல் போன்களில், நாமாகப் போட்டால்தான் இந்த வசதி வேலை செய்யும் என்று மாற்றிவிட்டது. நார்வேயில் 2021-இல் சட்டமே போட்டார்கள், உடல்வாகையோ தோலையோ திருத்திய விளம்பரப் படத்தில் அப்படித் திருத்தியது என்று குறிப்பிட வேண்டும். இங்கே விற்கிற எல்லாப் போனிலும், பெட்டியைப் பிரிக்கும்போது பியூட்டி ஆஃபில்தான் இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு உத்தரவு போட்டால் என்ன? வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

அதுவரைக்கும் உங்கள் நினைவஞ்சலிப் பக்கத்துக்குப் படம் வாங்குகிறவர்களிடம், ஃபில்டர் போடாத படம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். போன மாதம் வந்த ஒரு படத்தில், எண்பது தாண்டிய தாத்தாவுக்கு நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

இப்படிக்கு,
ஸ்டுடியோக்கார வாசகர், கும்பகோணம்