ஆயிரம் சிப்பாய்களில் முப்பத்தெட்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

சின்னப் பொம்மைகளுக்கு வண்ணம் பூசி, பகடை உருட்டிப் பழைய சண்டைகளை மேசையில் ஆடும் நம் மன்றத்தின் தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், மஞ்சக்குப்பத்து மொட்டை மாடி வரை மூச்சு வாங்க ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் 11 பேர் இருந்தோம், இப்போது 12. கூடிய ஒருவன் என் தங்கை மகன். அவன் வருவது பகடை உருட்ட, தூரிகையைத் தொடுவதில்லை. சந்தா பாக்கி நான்கு பேர். பெயர்களைப் படிக்கப் போவதில்லை, அவர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மற்றபடி இந்த ஆண்டின் கதை ஒன்றுதான். 1783-ல் நடந்த கடலூர்ச் சண்டையை 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகளில் முழுசாகச் செய்துவிடுவது என்று சித்திரையில் தீர்மானம் போட்டோம். ஏகமனதாக நிறைவேறியது. வினையே அங்கேதான். ஒருத்தராவது எதிர்த்திருக்கலாம்.

எதிர்க்க எப்படி மனசு வரும்? சண்டை நம் வாசலில் நடந்தது. ஊரைக் காத்து நின்றது தளபதி புஸ்ஸியின் வெள்ளைக் கோட்டுப் பிரெஞ்சுப் பட்டாளமும் திப்புவின் மைசூர்ப் படையும். பிடிக்க வந்த ஆங்கிலேயத் தரப்பு ஜெனரல் ஸ்டூவர்ட்டிடம் கும்பினிச் (கிழக்கிந்தியக் கம்பெனி) சிப்பாய்கள், ஸ்காட்லாந்து ஹைலேண்டர்கள், ஜெர்மனியிலிருந்து வந்த ஹானோவர் பட்டாளம். ஜூன் 13-ம் தேதி மோதிக்கொண்டார்கள். வெர்சாயில் ஜனவரி 20-ம் தேதியே சமாதானத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. செய்திதான் கப்பலில் வந்துகொண்டிருந்தது. இத்தனை உடுப்பும் ஒரே மேசையில் என்றால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கும்போது, பீரங்கிக் குண்டு விழுகிற தூரம் வரை எங்களுக்கு என்று கும்பினி எழுதி வாங்கிய ஊர் இது. குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் பேர் இருக்கிறது. நாமும் நம் பங்குக்கு ஒரு குண்டு போட்டுப் பார்த்தோம்.

கணக்கைப் பொருளாளர் அண்ணன் ஆடியில்தான் போட்டார். இரு பக்கமும் சேர்த்து 20,000 பேர் என்று வைத்துக்கொண்டு, 20 பேருக்கு ஒரு பொம்மை என்றால் 1,000 பொம்மை. ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம். ஞாயிறுதோறும் ஆறு பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் 84 வாரம். உட்கார்ந்தது இரண்டே பேர். அந்த வேகத்தில் 250 வாரம், ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. மைதானத்தையும் பொம்மையின் அளவுக்கே செய்யலாம் என்று ஒருவர் ஆசைப்பட்டார். ஒரு கிலோமீட்டருக்கே 18 மீட்டர் நீள மேசை வேண்டும். கல்யாண மண்டபம் பிடிக்கவேண்டியதுதான்.

ஆனால் இந்த நாலு மாதத்தைப் போல் மன்றம் என்றைக்கும் களைகட்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்தப் பட்டாளத்துக்குக் கைமடிப்பில் என்ன நிறம் என்று இரவு பன்னிரண்டு மணிக்கு எனக்குப் போன் வரும். தூரிகை தண்ணீரில் நனையாத வரைக்கும் எல்லாரும் தளபதிகள்தான்.

நனைந்த பிறகு நடந்தது இது. புதுச்சேரியில் ரெசினில் அச்சடித்து வாங்கிய முதல் தொகுதியில் 38 சிப்பாய்கள் முடிந்திருந்தார்கள். ஐப்பசி மழை சற்று விட்ட ஒரு சாயங்காலம், 24 பேரை அட்டையில் வரிசையாக நிறுத்தி, இதே மாடியில் பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். காற்றில் அவ்வளவு ஈரம். பத்து நிமிஷத்தில் சிவப்புக் கோட்டெல்லாம் பூத்துப்போய், 24 பேரும் உடம்பு முழுக்க விபூதி பூசிய பண்டாரங்களாக நின்றார்கள். எண்ணெய் தடவினால் தெளியும் என்று யாரோ சொல்ல, நல்லெண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொருவருக்காகத் தேய்த்தேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. ஓரளவு தெளிந்தார்கள். இன்றைக்கும் பெட்டியைத் திறந்தால் எண்ணெய்க் குளியல் வாசம்தான் வருகிறது. தவறு முழுக்க என்னுடையது. மழைக்காலத்தில் வார்னிஷைத் தூரிகையால்தான் பூசவேண்டும்.

எனவே செயற்குழு பரிந்துரைப்பது: தரைச் சண்டையை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து ஜூன் 20-ல் நடந்த கடற்சண்டையை எடுப்பது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனுக்கு 15 போர்க்கப்பல், ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹ்யூஸுக்கு 18. ஆக 33, முடிந்தது. 1,200-ல் ஒரு பங்கு அளவில் ஒரு கப்பல் கட்டைவிரல் நீளம்கூட வராது. மூழ்கிய கப்பல் ஒன்றும் இல்லை என்பதால் அடுத்த ஆண்டும் அதே கப்பல்களை வைத்து ஆடலாம். குறைந்த கப்பல்களோடு சுஃப்ரேன் எப்படி ஹ்யூஸைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பினார் என்பது மேசையில் போட்டுப் பார்க்கவேண்டிய விஷயம்தான்.

வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் படிப்பார். பெயின்ட் வாங்கிய ரசீது இரண்டு மழையில் நனைந்துவிட்டதால் தணிக்கையாளர் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

செயற்குழு முடிந்து செருப்பு மாட்டும்போது தலைவர், “பரங்கிப்பேட்டை 1781 என்னப்பா? ஹைதரோட குதிரைப்படை எவ்வளவு அழகு!” என்றார். அதைக் குறிப்பேட்டில் நான் ஏற்றவில்லை. குதிரைக்கு நான்கு கால் என்பதை மட்டும் அவருக்கு நினைவுபடுத்தினேன்.

கடைசியாக ஒன்று. மன்றத்தின் இரண்டு பூஜ்யம் (மெல்லிய முனை) தூரிகை இரண்டைக் காணவில்லை. எடுத்துப் போனவர்கள், முனை வளைவதற்குள் திருப்பித் தரவும்.