பறவைக் கூட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் வானம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாசகர்கள் அனுப்பும் படங்கள் வரும் பக்கத்தை நான் தவறாமல் பார்க்கிறேன். மாரி தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கத்துப் பறவைப் படங்கள் நிறைய வருகின்றன, சந்தோசம். ஆனால் ஒரு விசயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பறக்கும் கூட்டத்தின் படத்தை நாலு பக்கமும் ஒட்ட வெட்டிப் போடாதீர்கள். முதலில் போகிற நீர்க்காகத்தின் அலகு படத்தின் ஓரத்தில் முட்டுகிறது, கடைசிப் பறவைக்கு அரை இறக்கைதான் மிச்சம். பறவை பெரிதாகத் தெரியட்டும் என்றுதான் செய்கிறீர்கள், விளங்குகிறது. தனிப் பறவைக்கு அது சரி. கூட்டம் என்றால் அது போகிற ஒழுங்கைத்தானே பார்க்க வேண்டும், போகிற திசையில் கொஞ்சம் வெறும் வானம் இருந்தால்தான் அது போவதே தெரியும்.

படம் எடுக்கிற தம்பி தங்கைமாரும் லென்ஸை முழுக்க இழுத்துவிட்டுத்தான் நிற்கிறார்கள். கொஞ்சம் அகலமாக எடுங்கள், வீட்டில் வந்து ஆறுதலாக வெட்டலாம், வெட்டுப்பட்ட இறக்கையைத் திரும்ப ஒட்ட முடியாது. ஷட்டர் வேகம் 1/1600 செக்கன் அல்லது அதைவிட வேகமாக, லென்ஸின் துவாரம் எஃப்/8 அளவில், பறவை நகர நகரக் கூடவே போகிற தொடர் ஃபோகஸில் வைத்தால் கூர்மை பெரும்பாலும் வந்துவிடும். ஒழுங்கைக் கமரா தராது, அதை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

கல்லடிப் பாலத்தில் பின்னேரம் நின்றால் நீர்க்காகங்கள் வரிசை வரிசையாகத் தண்ணீரைத் தொடுவது போலப் போகும். தொடர்ந்து அடித்த படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்றில் இரண்டு பறவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூன்று இறக்கை உள்ள ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரியும். அடுத்ததில் எல்லாம் பிரிந்துவிட்டன, ஆனால் அத்தனை இறக்கையும் ஒரே மட்டத்தில், உயிரில்லை. அதற்கடுத்ததில் சிலதுக்கு இறக்கை மேலே, சிலதுக்குக் கீழே, ஒவ்வொரு பறவைக்கும் இடையில் வானம் தெரிகிறது. அதுதான் படம்! அப்புறம் அக்கரை சரிந்து நிற்கிறதா, மின்கம்பி குறுக்கே வருகிறதா என்று பார்த்தால் போதும். 1924ஆம் ஆண்டுப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டம் ஒரு மூலையில் கொஞ்சம் வந்தால் அதை வெட்டாமல் விடுங்கள், மட்டக்களப்புப் படம் என்று பார்த்தவுடனே தெரியும்.

காற்றையும் கவனியுங்கள். பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றுக்கு எதிராகத்தான் முகம் வைக்கும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது, காலை வெயிலும் கிழக்கிலிருந்துதான், ஆகவே வெயிலை முதுகில் வைத்து நின்றால் இறங்குகிற கொக்கு எங்களைப் பார்த்து, முகத்தில் வெளிச்சத்தோடு வரும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் இது தலைகீழ், பின்னேரம்தான் நல்லது.

கூட்டத்தை எழுப்புவதற்காகக் கை தட்டுகிறவர்கள், வெடி கொளுத்துகிறவர்கள், தோணியை நேரே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கலைத்த கூட்டம் படத்திலேயே தெரிந்துவிடும்: எல்லாம் எங்களுக்கு முதுகு காட்டி, தாறுமாறாகச் சிதறி ஓடும். குமண வில்லில், அதாவது அங்குள்ள ஆழமில்லாத நீர்நிலையில், ஏப்ரல் தொடங்கி யூலை வரை கூடு கட்டுகிற காலத்தில் இப்படிச் செய்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் காயும், காகம் தூக்கிக்கொண்டு போகும். எழுப்பவே தேவையில்லை. அம்பாறைப் பக்கத்து வயல்வெளிகளில் (வட்டைகளில்) உழவு நடக்கும்போது கொக்குகள் உழவு இயந்திரத்துக்குப் பின்னாலேயே வரும், அது திரும்புகிற ஒவ்வொரு முறையும் தாங்களாகவே எழும்பி இறங்கும். வரம்பில் பேசாமல் நின்றாலே போதும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கூட்டத்தின் படத்தைப் பக்கத்தின் முழு அகலத்துக்கும் போடுங்கள். அன்றைக்கு இடமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருங்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பின்னால் வெட்டுங்கள், முன்னால் வேண்டாம். கலைத்து எடுத்த படம் என்று தெரிந்தால் போடவே போடாதீர்கள்.

— வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு