சத்திரத்து மேல்தளம் புதுப்பிக்க நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம்மூர்ச் சத்திரத்தின் மேல்தளத்தைப் பிரித்துப் புதிதாகப் போட முடிவு செய்திருக்கிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் யாத்திரைப் பாதையில் மராட்டிய மன்னர்கள் பல சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் 1802-ல் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறும் படுக்க இடமும் கிடைத்ததோடு, பிள்ளைகளுக்குப் படிப்பும் நோயாளிகளுக்கு வைத்தியமும் நடந்தன. நம்முடையது சிறியது, ஊரார் கைக்காசில் எழுந்தது. ஆனால் எண்ணம் ஒன்றுதான். யாத்திரைக் கூட்டம் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மாறிய பிறகும் இது சும்மா கிடந்ததில்லை. நெல் மூட்டை அடுக்கினோம், சொட்டு மருந்து முகாம் போட்டோம், சாயங்காலம் பிள்ளைகள் படித்தார்கள், துக்கத்துக்கு வந்த உறவுகள் திண்ணையில் படுத்து எழுந்து போனார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது கீற்று வீட்டுக்காரர்கள் குழந்தை குட்டிகளோடு ஒண்டியது இங்கேதான். கூரையும் தென்னையும் போன பிறகு ஊருக்கே உலை வைத்ததும் இந்த முற்றத்தில்தான்.

இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டினால் வாடகை வருமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மண்டபத்துக்கு முகூர்த்த நாளில்தான் வேலை, மற்ற நாளெல்லாம் பூட்டு. யாரையும் கேட்காமல் வந்து உட்காரும்படி ஊருக்குப் பொதுவாக இருப்பது இந்த ஒரு கட்டடம்தான். அதை இழக்க எங்களுக்கு மனமில்லை.

மேல்தளம் பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கலைக் குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து, மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓடு பதித்தது. அதன்மேல் முன்பு எப்போதோ பூசிய சிமென்ட் வெடித்திருக்கிறது. வெடிப்பில் இறங்கும் மழைத் தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் உள்ளேயே தங்கி மரத்தைத் தின்கிறது. தென்மேற்கு மூலையில் உத்திரத்தின் நுனி விரலால் குத்தினாலே உதிர்கிறது. ஆகவே மறுபடியும் சுண்ணாம்புதான். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டு, வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். சிமென்டைவிடக் கூலி கூடும், நாளும் கூடும். தளம் காய வெயிலும் வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆடி மாதமாயிற்றே என்று தயங்க வேண்டாம். இது புதுமனை இல்லை, பழுதுபார்க்கிற வேலை.

பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. பழைய வீடு பிரிக்கிறவர்கள் நல்ல தேக்கு உத்திரமோ உடையாத தட்டோடோ இருந்தால் சொல்லுங்கள், வண்டியோடு வருகிறோம். தளம் அடிக்கும் நாட்களில் ஒரு வேளைச் சாப்பாடு ஏற்றுக்கொண்டாலும் பெரிய உதவி. நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு. கல்வெட்டில் யார் பெயரும் வராது. கொத்தனார் கொடுத்த மதிப்பீடு சத்திரத்துத் தூணில் ஒட்டியிருக்கிறது. வரவு செலவை அக்டோபர் 2 கிராம சபையன்று எல்லார் முன்னும் வாசிப்போம். குழுவினர் தினமும் மாலையில் சத்திரத்துத் திண்ணையில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
சத்திரப் பராமரிப்புக் குழுவினர்