குதிரையை ஏ5-இல் வை

உ
காரைக்குடி

அன்பு மகன் தம்பிக்கு,

அப்பச்சி எழுதுவது. உன் சதுரங்க ஆட்டத்தின் நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர்ஷீட் படத்தை அனுப்பினாயே, அதைப் பெரிதாக்கிப் பலகையில் மூன்று தடவை ஆடிப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் உன்னிடமிருந்து போன் இல்லை. ஆத்தா தினமும் கேட்கிறாள்.

வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்துக்கு வந்ததும் உன் கறுப்புச் சிப்பாயை டி5-க்குத் தள்ளினாயே, அது சரி. சி4 மந்திரி எஃப்7-ஐப் பார்ப்பதை அது மறைக்கும். வெள்ளைச் சிப்பாய் அதை டி5-இல் அடித்ததும் ஐந்தாவது நகர்த்தலில் குதிரையால் திருப்பி அடித்தாய். அங்கேதான் போயிற்று. வெள்ளைக் குதிரை எஃப்7-இல் விழுந்தது, உன் ராஜா எடுத்தது, வெள்ளை ராணி எஃப்3-இல் செக். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு வந்து நடுத்தெருவில் நின்றாக வேண்டும். 1610 வாக்கில் ரோமில் இத்தாலிய ஆட்டக்காரர் போலேரியோ ஆடியதிலேயே இருக்கிற அடி இது.

எட்டாவது நகர்த்தலில் சி6 குதிரையை இ7-இல் வைத்து உன் எஃப்8 மந்திரிக்கு நீயே வழி அடைத்தாய். பி4-இல் வைத்திருந்தால் டி5-ஐயும் காத்து சி2-வையும் மிரட்டியிருக்கும். அந்த நகர்த்தலுக்கு 31 நிமிடம். ஐந்தாவதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை. பன்னிரண்டாவதிலிருந்து எழுத்து சரிகிறது. சரியாகச் சாப்பிடுகிறாயா? அப்படியும் 22 வரை தாக்குப்பிடித்தாய். அந்த நிலையில் அது சாமானியம் இல்லை.

ஐந்தாவதில் திருப்பி அடிக்காமல் சி6 குதிரையை ஏ5-இல் வை. மந்திரி பி5-இல் செக் சொல்லும், சி6 தள்ளு. சிப்பாய் அடிக்கும், பி சிப்பாயால் எடு. மந்திரி இ2-க்குப் பின்வாங்கினால் எச்6 தள்ளு; வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு ஓடும், இ4 தள்ளி மறுபடி துரத்து. ஒரு சிப்பாய் குறையும், குறையட்டும், உன் காய்களுக்கு வழி திறந்துவிடும். ஏ5 குதிரையை மட்டும் மறந்துவிடாதே. ஓரத்திலேயே கிடந்தால் பாரம். பி7 வழியாக உள்ளே கொண்டு வா. அவசரப்படாதே. ஐந்தாவதில் நின்று யோசி.

எடுத்தால் உடனே திருப்பி எடு என்று முகப்பில் உட்காரவைத்துச் சொன்னவன் நான். ஓரத்தில் குதிரையை வைத்தால் தலையில் குட்டியவனும் நான். ஏ5 உன் கைக்கு வராமல் போனதற்கு அந்தக் குட்டுதான் காரணம் தம்பி. உன் மேல் தப்பில்லை. இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

வேலை விஷயம் நான் கேட்கவில்லை. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள வந்துவிடு, அப்பத்தா எதிர்பார்க்கிறாள். ஐந்தாவதில் குதிரையை ஏ5-இல் வைத்துப் பலகையை அப்படியே விட்டிருக்கிறேன். எத்தனை மணியானாலும் போன் பண்ணு, உன் ஆறாவது நகர்த்தலைச் சொல்.

அப்பச்சி