வாசலில் அரளி மட்டும் வேண்டாம்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போன் பண்ணினால் "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஓசூர் வீட்டு முன்பக்கம் முழுக்க ரோஸ் கலர் பூவாக வைக்கப்போகிறேன் என்று படம் அனுப்பியிருந்தாய். மண்ணைப் பார்த்தாலே நன்றாக வரும் என்று தெரிகிறது. உன் கை ராசியான கை. நீ வைத்த பன்னீர் ரோஜாவில்தான் நம் தெருவே பதியன் போட்டு வாங்கிப்போனது. ஆனால் கேட் ஓரம் வரிசையாக அரளி என்றாயே, அது வேண்டாம். ரோஸ் அரளி அழகுதான், தண்ணீரும் அதிகம் கேட்காது. மாடு மேயாது என்றுதான் நெடுஞ்சாலை நடுவில் வைக்கிறார்கள். இலை, பூ, பட்டை, பால் எல்லாமே விஷம். பேராண்டி கையில் கிடைத்ததை வாயில் போடுகிற வயசு.

பன்னீர் ரோஜாவே வை. உங்கள் பக்கம் ரோஜாவை வயல் வயலாகப் போடுகிறார்கள், அந்தக் குளிர்ச்சிக்கு நன்றாக வரும். பூத்து முடிந்த கிளையை வெட்டிவிடு, புதுத் தளிரில்தான் மொட்டு வரும். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளி. கேட் மேல் ஏற்றக் காகிதப்பூ போதும். அதற்கு வெயில் வேண்டும். தண்ணீர் அதிகமானால் இலையாகத் தள்ளும். ரோஸாகத் தெரிவது இதழே இல்லை, நிறம் மாறிய இலை. நடுவில் வெள்ளையாகச் சின்னதாக இருப்பதுதான் பூ. பேராண்டிக்குக் காட்டு, முள் மட்டும் பத்திரம். அடீனியம் என்கிற பாலைவன ரோஜாவையும் பேராண்டிக்கு எட்டும்படி கீழே வைக்காதே, அதுவும் அரளிச் சாதிதான்.

ஜன்னலோரம் ரங்கூன் மல்லி வைக்கலாம். சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஸாகி, அப்புறம் சிவந்துவிடும். ராத்திரியில் வாசனை தூக்கும். நீ அனுப்பிய படம் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்திருந்தது. தூங்குகிறாயா கண்ணு?

வீடு மாறியதையே அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. நீயே பார்த்து, நீயே அட்வான்ஸ் கொடுத்து, தனியாகச் சாமான் ஏற்றி இறக்கியிருக்கிறாய் என்றதும் அவருக்குப் பெருமையும்தான். எனக்கும்தான். ஆனால் எங்களிடம் சொல்லியிருக்கலாம்.

பெரியம்மா பேத்தி காதுகுத்துப் பற்றி எழுத நினைத்தேன், நேரில் சொல்கிறேன். குழி தோண்ட மாப்பிள்ளைக்கு நேரமிருக்காது. அப்பா கடப்பாரையை எடுத்து வைத்துவிட்டார், ரோஜாப் பதியனும் வேர் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவோம், கொஞ்ச நாள் இருப்போம். நீ எதுவும் சொல்ல வேண்டாம், ஒன்றும் கேட்க மாட்டோம். அரளி வாங்கியிருந்தால் நடாமல் அப்படியே வை, நர்சரியில் கொடுத்து வேறு செடி மாற்றிக்கொள்வோம். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா